பிள்ளைகள் வரைந்த கோவாலா ஏலத்துக்கு வந்தால்… அந்தப் பணம் காட்டுக்கு எப்படிப் போகிறது?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வரைந்த ஒரு கோவாலா ஓவியத்துக்கு நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள்? ஆஸ்திரேலியாவில் 2019-20 காட்டுத்தீக்குப் பிறகு பல பெற்றோர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் விலங்குகளை வரைந்தார்கள், பெரியவர்கள் ஏலம் கேட்டார்கள், வந்த பணம் வன உயிர்களுக்கு என்று அறிவிக்கப்பட்டது.

கேட்க எளிமையாகத்தான் இருக்கு. ஆனால் ஏலம் முடிந்த பிறகு பணம் யார் கைக்குப் போகுது, காட்டில் அது என்னவாக மாறுது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்தத் தீ எவ்வளவு பெரியது?

ஆஸ்திரேலியர்கள் அதை 'கறுப்புக் கோடை' என்கிறார்கள். தீயில் நேரடியாக 33 பேர் இறந்தார்கள். 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. கங்காரு தீவில் மட்டும் ஏறக்குறைய பாதி நிலம் தீக்கு இரையானது.

விலங்குகளின் கணக்கு இன்னும் பெரியது. டபிள்யூ.டபிள்யூ.எஃப் ஆஸ்திரேலியா அமைப்புக்காக விஞ்ஞானிகள் தயாரித்த மதிப்பீடு 2020 ஜூலையில் வெளியானது. கிட்டத்தட்ட 300 கோடி விலங்குகள் இறந்தன அல்லது இடம்பெயர்ந்தன என்றது அது. அதில் ஊர்வன 246 கோடி, பறவைகள் 18 கோடி, பாலூட்டிகள் 14.3 கோடி, தவளைகள் 5.1 கோடி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? உலகம் முழுக்கப் பரவிய படங்களில் இருந்தது கோவாலாவும் கங்காருவும். பாதிக்கப்பட்டதில் பெரும்பங்கு பல்லி, அரணை, பாம்பு வகைகள். நிதி திரட்டும்போது இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பள்ளி ஏலம் எப்படி நடக்கும்?

பள்ளிகளுக்குத் தோதானது 'மௌன ஏலம்'. ஒவ்வொரு ஓவியத்தின் பக்கத்திலும் ஒரு தாள் இருக்கும். வாங்க விரும்புகிறவர் தன் பெயரையும் தொகையையும் எழுதுவார். அடுத்து வருகிறவர் அதைவிடக் கூடுதலாக எழுத வேண்டும். குறித்த நேரத்தில் தாள்களை எடுத்துவிடுவார்கள். கடைசியாக இருக்கும் பெரிய தொகைக்கு ஓவியம் போகும்.

இதில் ஒரு நன்மை உண்டு. மேடையில் ஒவ்வொரு படமாகக் கூவி விற்றால், கேட்க ஆளில்லாத படத்தை வரைந்த பிள்ளையின் முகம் வாடிப்போகும். தாளில் எழுதும் முறையில் அந்தச் சங்கடம் குறைவு. எல்லாப் படத்துக்கும் ஒரே ஆரம்ப விலை வைத்தால் இன்னும் நல்லது.

ஏலத்தில் மக்கள் பொருளின் சந்தை விலையைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை, காரணத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இதற்குப் பெரிய உதாரணம் ஷேன் வார்ன். 2020 ஜனவரியில் அவர் தன் டெஸ்ட் தொப்பியை ஏலத்துக்கு விட்டார். அது 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 5 கோடி ரூபாய். அந்தப் பணம் செஞ்சிலுவைச் சங்கத்தின் காட்டுத்தீ நிவாரணத்துக்குப் போனது.

'யாருக்கு' என்று எழுதி வைப்பது ஏன் முக்கியம்?

அதே மாதம் நடந்த இன்னொரு கதை, நிதி திரட்டும் எல்லோருக்கும் பாடம். நகைச்சுவை நடிகை செலஸ்ட் பார்பர் ஃபேஸ்புக்கில் நிதி கேட்டார். 5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் குவிந்தது. ஏறக்குறைய 250 கோடி ரூபாய். மற்ற மாநிலங்களுக்கும், பாதிக்கப்பட்ட மக்களுக்கும், விலங்குகளுக்கும் இதைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று அவர் நினைத்தார். பணம் போட்ட பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆனால் பணத்தைப் பெறுபவராக அந்தப் பக்கத்தில் பதிவாகியிருந்தது, நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புச் சேவையின் அறக்கட்டளை. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அறக்கட்டளையின் ஆவணத்தில் உள்ள நோக்கங்களுக்கு மட்டுமே பணத்தைச் செலவிட முடியும், வேறு தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளித்தது. காயமடைந்த தீயணைப்புத் தன்னார்வலர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவலாம் என்றது. வன விலங்குகளுக்கு அதிலிருந்து கிடைக்க வழியில்லை.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மனசில் நினைத்தது ஒன்று, எழுத்தில் இருந்தது இன்னொன்று, அவ்வளவுதான். ஒரு பள்ளி ஏலத்தில் தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் 'வன உயிர்களுக்காக' என்று பொதுவாகச் சொல்லி வசூலித்தால் இதே சிக்கல் அங்கேயும் வரும்.

காட்டில் பணம் என்ன வேலை செய்கிறது?

மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் சில வாரங்கள்: தண்ணீர், தீவனம், சிகிச்சை. போர்ட் மக்வாரி நகரில் கோவாலாக்களுக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. காட்டில் குடிநீர்த் தொட்டிகள் வைக்க அது கேட்டது 25,000 டாலர். வந்தது 70 லட்சம் டாலருக்கும் மேல். நியூ சவுத் வேல்ஸில் பாறைகளில் வாழும் சிறு கங்காரு இனமான வாலபிகளுக்கு, ஹெலிகாப்டரிலிருந்து 2,000 கிலோவுக்கும் அதிகமான கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போடப்பட்டன.

அடுத்த சில மாதங்கள்: பாதுகாப்பு. தீயில் தப்பிய சிறு பிராணிக்கு ஒளிய ஒரு புதர்கூட மிச்சமிருக்காது. அந்த நேரத்தில்தான் காட்டுப் பூனைகள் வேட்டைக்கு வரும். கங்காரு தீவில் மட்டுமே வாழும் டன்னார்ட் என்ற எலி அளவுப் பிராணிக்கு இதுதான் பெரிய ஆபத்து. அதற்காகவே அங்கே பூனை நுழைய முடியாத வேலி போட்டார்கள்.

அதன் பிறகு பல வருடங்கள்: வீடும் உணவும். யூகலிப்டஸ் மரம் கருகினாலும் பட்டைக்கு அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால் மரப்பொந்து அப்படி வராது. ஒரு மரத்தில் நல்ல பொந்து உருவாக நூறு வருடத்துக்கு மேல் ஆகலாம். பொந்தில் வாழும் கிளைடர் போன்ற உயிர்களுக்கு அதுவரை மரப்பெட்டிகள்தான் வீடு. கங்காரு தீவின் கறுப்புக் காக்கட்டூ கிளிக்கு ஒருவகைச் சவுக்கு மரத்தின் விதைதான் உணவு. அந்த மரங்களைத் திரும்ப நட்டு, அவை காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

சிக்கல் என்னன்னா, நன்கொடை பெரும்பாலும் முதல் கட்டத்தில் கொட்டும், மூன்றாவது கட்டத்தில் வற்றிப்போகும். கேமராவுக்கு அழகாகத் தெரியும் விலங்குக்குக் கிடைக்கும். டன்னார்ட்டுக்கும் அரணைக்கும் கிடைக்காது. ஒரு பள்ளி உண்மையில் உதவக்கூடிய இடம் இங்கேதான் இருக்கிறது. பெயர் தெரியாத விலங்கை ஒரு பிள்ளை வரைந்தால், அதை வாங்குபவர் கட்டாயம் கேட்பார்: 'இது என்ன?' அந்தப் பிள்ளைதான் பதில் சொல்லும்.

ஏலம் நடத்துவதற்கு முன் நீங்க கேட்க வேண்டியவை

• எந்த அமைப்புக்கு, எந்த வேலைக்கு? அழைப்பிதழிலேயே அமைப்பின் முழுப் பெயரும் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் அது பதிவான தொண்டு நிறுவனமா என்பதை அரசின் பொதுப் பதிவேட்டில் இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

• செலவு போகவா, முழுத் தொகையுமா? சட்டம் போட்டதும் அச்சடித்ததும் யார் செலவு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

• ரசீது எதற்கு? ஓவியம் வாங்குவது வேறு, நன்கொடை கொடுப்பது வேறு. ஏலத்தில் கொடுத்த முழுத் தொகைக்கும் வரிச் சலுகை கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

• பணம் மிஞ்சினால்? அந்த அமைப்புக்கு அந்த வேலை முடிந்துவிட்டால் வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

• எப்போது கணக்கு? பிள்ளைகளுக்கே சொல்லுங்கள்: இவ்வளவு வந்தது, இத்தனை பெட்டி வைத்தார்கள், இத்தனை மரம் நட்டார்கள் என்று.

குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதி ஆகிய இடங்களின் கோவாலாவை 'அழியும் ஆபத்திலுள்ள இனம்' என்று ஆஸ்திரேலியா அறிவித்தது 2022 பிப்ரவரியில். தீ அணைந்து இரண்டு வருடம் கழித்து. அதனால், ஒரே ஒரு வருடம் பெரிதாக நடத்தி நிறுத்துவதைவிட, சிறிய ஏலம் ஒன்றை வருடா வருடம் நடத்துவது காட்டுக்குக் கூடுதலாக உதவும்.