புத்தகத்தின் முதுகில் ஒரு முகவரி

தருமபுரியில் என் பெரியப்பா மகள் படிக்கும் கல்லூரியின் நூல்நிலையத்தைக் காணும் வாய்ப்பு சென்ற மாதம் எனக்குக் கிட்டியது. நம் பள்ளியில் சிஸ்டரிடம் சாவி வாங்கி அலமாரியைத் திறந்தால் வேண்டிய புத்தகம் கண்ணில் பட்டுவிடும். அங்கோ அறை முழுவதும் இரும்பு அலமாரிகள்! திருக்குறள் உரை ஒன்றைத் தேடி, 'தி' வரிசை எங்கே என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அப்படி ஒரு வரிசையே அங்கு இல்லை. என் திண்டாட்டத்தைக் கண்ட நூலகர், "முதுகைப் பாரம்மா" என்றார். என் முதுகை அல்ல, புத்தகத்தின் முதுகை.

அதில் ஒட்டியுள்ள எண்தான் புத்தகத்தின் முகவரி. உள்ளே முத்திரையிட்டு எழுதியிருக்கும் பதிவு எண் வேறு. அது புத்தகம் வந்து சேர்ந்த வரிசையை மட்டும் சொல்லும். முதுகில் உள்ள எண்ணோ பொருளைச் சொல்லும். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை இது. அறிவுத்துறைகள் யாவற்றையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டே போகிறார். 500 அறிவியல், அதில் 510 கணிதம், 530 இயற்பியல்.

இதில் ஒரு வேடிக்கை. நம் பக்கத்து மாமரத்தையே எடுத்துக்கொள்வோம். அதைத் தாவரவியல் நோக்கில் ஆராயும் நூல் 580-களில் இருக்கும். மாந்தோப்பு வளர்ப்பு 634-இல். மாங்காய் ஊறுகாய் 641-இல். ஆகவேதான் அட்டைப் பெட்டிகள் வைத்தார்கள். ஆசிரியர், நூற்பெயர், பொருள் எதைக்கொண்டு தேடினாலும் அட்டை நம்மை உரிய எண்ணுக்கு அனுப்பிவிடும். இப்போது பல கல்லூரிகளில் அவ்வேலையைக் கணினி செய்கிறது.

நான் தேடிய குறள் 894.811-இல் இருந்தது. இலக்கியம் 800. ஆங்கிலத்திற்கு 820, பிரெஞ்சுக்கு 840 என்று தனி இடம் தந்த டூயி, தமிழைப் பிற மொழிகளோடு 890-க்குள் நெருக்கி வைத்துவிட்டார். சமயத்திலும் அப்படியே. 200-இல் பெரும்பகுதி கிறிஸ்தவத்திற்கு. இந்து, இஸ்லாம், பௌத்தம் எல்லாம் 290-இல். கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் எனக்கே இது நியாயமாகத் தோன்றவில்லை.

வேறு வழி கண்டவர் ஒரு தமிழ்நாட்டுக் கணித ஆசிரியர். 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். முதலில் வேலை பிடிக்கவில்லையாம். வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். அவரைப் பயிற்சிக்காக இலண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். அதே தகடுகளையும் திருகுகளையும் மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். புத்தக எண்ணையும் இப்படிப் பூட்டலாமே என்று எண்ணினார். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பில் மருத்துவத்திற்கு 'எல்' என்னும் ஆங்கில எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421. நடுவே முக்காற்புள்ளி வைத்து எல்45:421 என்றால் நுரையீரல் காசநோய். இலக்கியத்திற்கு 'ஓ' என்னும் எழுத்து. தமிழ் இலக்கியம் ஓ31. ஆங்கில இலக்கியம் ஓ111. இங்கே தமிழுக்குத்தான் எண் சிறியது!

நம் பள்ளி அலமாரியில் புத்தகங்கள் உயரத்தின்படி நிற்கின்றன. சிஸ்டரின் அனுமதியுடன் நானும் என் தோழியும் டூயி எண் ஒட்டத் தொடங்கியுள்ளோம். விவிலியம் 220, அதில் சிரமமில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணியில்தான் சண்டை. புனித சூசையப்பரின் வரலாறு, ஆகவே 200-இல் வை என்கிறாள் அவள். தமிழ்க் காப்பியம் என்று நான் 894.811 ஒட்டிவிட்டேன். அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.