லினக்ஸுக்குள் ஒரு விண்டோஸ்

லினக்ஸுக்கு மாற ஆசைப்படுபவர்களை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மென்பொருள்தான். கணக்கர்களுக்கு டேலி, கட்டட வரைபடம் போடுபவர்களுக்கு ஆட்டோகேட். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. அதன்பின் விண்டோஸ் 11 ஏறாத நல்ல கணினிகளை வைத்திருக்கும் பலருக்கு இந்தத் தயக்கம் நிஜமான சிக்கலாகிவிட்டது. இதற்கு வழி இருக்கிறது. லினக்ஸைப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு மென்பொருளுக்காக மட்டும் உள்ளே ஒரு மெய்நிகர் கணினியில் விண்டோஸை ஓட்டலாம்.

மெய்நிகர் கணினியை எந்த மென்பொருளில் ஓட்டுவது? பலரும் முதலில் சொல்லும் பெயர் விர்ச்சுவல்பாக்ஸ். 2007-இல் வெளிவந்து, சன் நிறுவனத்தின் கைக்குப் போய், இப்போது ஆரக்கிளிடம் இருக்கிறது. புதியவர்களுக்கு எளிது, லினக்ஸில் இருக்கும் ஒரு ஃபோல்டரை விண்டோஸுக்குக் காட்டுவது அதில் சில கிளிக் வேலை. ஆனால் அது இயங்கத் தேவையான மாட்யூல் லினக்ஸ் கெர்னலுக்கு வெளியே இருந்து வருவது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த மாட்யூலும் மறுபடி உருவாக வேண்டும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அதற்குக் கையொப்பமும் வேண்டும். ஏதாவது ஒன்று தவறினால், நேற்று வரை ஓடிய விண்டோஸ் இன்று காலை திறக்காது. 2024-இல் வந்த 6.12 கெர்னலில் வேறொரு காரணத்தால் இதுவே நடந்தது. கெர்னலின் சொந்த மாட்யூலான கே.வி.எம். முன்கூட்டியே செயலியின் மெய்நிகர் வசதியைப் பிடித்துக்கொள்ள, விர்ச்சுவல்பாக்ஸ் பிழைச் செய்தி காட்டி நின்றுவிட்டது.

அந்த கே.வி.எம்.மைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 கெர்னலிலிருந்து அது லினக்ஸின் அங்கம். உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது; கெர்னல் வளரும்போது அதுவும் கூடவே வளர்கிறது. விண்டோஸின் கட்டளைகளைச் செயலியே நேரடியாக நிறைவேற்ற கே.வி.எம். வழிசெய்கிறது. ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவை இருப்பதாகக் காட்டுவது ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய க்யூ-எமு. இவற்றைச் சுட்டியால் இயக்க விர்ட்-மேனேஜர் என்ற சாளரம் உண்டு. மூன்றும் இலவசம், மூலநிரலும் திறந்தது.

தொடங்கும் முன் டெர்மினலில் எல்.எஸ்.சி.பி.யு. கட்டளையைக் கொடுத்து, விடி-எக்ஸ் அல்லது ஏ.எம்.டி.-வி என்ற வரி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பயாஸில் அந்த வசதி அணைந்திருக்கலாம், ஏ.எம்.டி. மதர்போர்டுகளில் எஸ்.வி.எம். மோட் என்ற பெயரில் இருக்கும். அது அணைந்திருந்தால் ஒவ்வொரு கட்டளையையும் க்யூ-எமு மென்பொருளாகவே நடித்துக் காட்ட வேண்டியிருக்கும். அந்த ஆமை வேகத்தைப் பார்த்துவிட்டு மெய்நிகர் கணினியே உதவாது என்று முடிவுகட்டியவர்கள் நிறைய.

அடுத்த முட்டுக்கட்டை விண்டோஸை நிறுவும்போது வரும். டிஸ்க் வேகமாக இருக்க விர்ட்-ஐஓ வகையைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் காலியாக இருக்கும்! பயப்பட வேண்டாம். விண்டோஸிடம் அந்த டிரைவர் இல்லை, அவ்வளவுதான். விர்ட்-ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, இரண்டாவது சி.டி. டிரைவாக இணையுங்கள். அதே திரையில் 'லோட் டிரைவர்' அழுத்தி, அதிலுள்ள வியோஸ்டார் ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தோன்றிவிடும். இன்னொன்று: டேலி உரிமத்தைப் போலவே, மெய்நிகர் கணினியில் ஓடும் விண்டோஸுக்கும் முறையான உரிமம் வேண்டும்.

நினைவகத்தில் கஞ்சத்தனம் கூடாது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜி.பி. ராம் கேட்கிறது. 8 ஜி.பி. கணினியில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டு, லினக்ஸில் பிரவுசரையும் திறந்தால் இரண்டுமே திணறும். 16 ஜி.பி.யும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் நிம்மதி.

கே.வி.எம்.முக்கும் குறை உண்டு. விண்டோஸுக்குள் முப்பரிமாண வரைகலை பலவீனம். தனி கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை அதற்கே ஒதுக்கித் தரலாம், ஆனால் அது எல்லோருக்கும் ஆகிற வேலை இல்லை. ஆட்டோகேடில் நாள் முழுக்க முப்பரிமாண வேலை செய்பவர்கள் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனை முயன்று பார்க்கலாம். 2024 நவம்பர் முதல் நிறுவனங்களுக்கும் அது இலவசம். வெளி மாட்யூல் தொல்லை மட்டும் அதிலும் உண்டு. டேலி, எக்செல் வேலைக்கு கே.வி.எம். தாராளமாகப் போதும்.

கடைசியாக ஒன்று. விண்டோஸின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டோம், கணக்கெல்லாம் பத்திரம் என்று இருந்துவிடாதீர்கள். விர்ட்-மேனேஜரில் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டும் விண்டோஸ் இருக்கும் க்யூகவ்2 கோப்பும் வழக்கமாக ஒரே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கும். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். வாரம் ஒருமுறையாவது விண்டோஸை முழுதாக ஷட் டவுன் செய்து, அந்தக் கோப்பை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.