காது மந்தமானாலும் மிக்ஸிங் பண்ணலாம்

சோழவரத்துல இருந்து பேசுறேன். இங்கே சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்துல 1980-கள்லயும் ரேஸ் நடந்த ஊர் இது. இன்னைக்கு கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போறவங்க நிறைய. நானும் சில வருஷம் பிரஸ் மெஷின் பக்கத்துல நின்னவன்தான். ரெண்டு காதுலயும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும் திறன் குறைஞ்சிருக்கு, இடது காதுல கூடுதலா. ஆனாலும் லேப்டாப், ஒரே ஒரு ஹெட்போன் வச்சு பாட்டு மிக்ஸ் பண்றேன்.

அது ஏன் 4000? இரைச்சலால வர்ற பாதிப்பு பெரும்பாலும் முதல்ல 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் தெரியும். உள்காதுல ஒலியை உணர்ற முடி போன்ற செல்கள் செத்தா திரும்ப வளராது. 'ஸ', 'ஷ' எழுத்துகளோட கூர்மை இந்தப் பக்கம்தான் இருக்கு. நமக்கு அது மங்கலா கேட்கும், உடனே ஈக்யூவை ஏத்தத் தோணும். ஏத்தினா, கேட்கிறவங்க காதைக் குத்தும்.

அதனால முதல்ல ஆடியோகிராம் எடுங்க. எந்த இடத்துல காது பொய் சொல்லும்னு அந்தக் காகிதம் காட்டிடும். அந்த இடத்துல கண்ணை நம்புங்க. வாக்ஸெங்கோ ஸ்பான்னு ஒரு இலவச பிளகின் இருக்கு. உங்க பாட்டு மாதிரியே இருக்கிற, நல்லா மிக்ஸ் ஆன ஒரு பாட்டை அதுல ஓட விட்டு, உங்களோடதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

குரல் வலது பக்கம் சாயுற மாதிரி இருக்கா? ஹெட்போனை இடம் வலம் மாத்திப் போடுங்க. இப்பவும் வலது பக்கமே சாய்ஞ்சா, பிரச்சினை காதுல. இடது பக்கம் போயிட்டா, மிக்ஸ்லயோ ஹெட்போன்லயோ.

லெவல் எல்லாம் மோனோலயே முடிங்க. பீச் பாய்ஸ் பிரையன் வில்சனுக்கு வலது காது கிட்டத்தட்ட கேட்காமத்தான் இருந்துச்சு. 1966-ல வந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம் மோனோ மிக்ஸ்தான்!

ஹியரிங் எய்ட் போடுறவங்க ஆடியாலஜிஸ்ட்கிட்ட இசைக்குன்னு தனி செட்டிங் கேளுங்க. பேச்சுக்காக வச்ச செட்டிங், நீளமான புல்லாங்குழல் ஸ்வரத்தை விசில்னு நினைச்சு அமுக்கப் பார்க்கும்.

கடைசியா ஒண்ணு. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம்தான் கணக்கு. 3 டெசிபல் ஏறினா நேரம் பாதி. ஷிப்ட் முடிச்சு வந்த காதுக்கு அன்னைய கணக்கு ஏற்கெனவே தீர்ந்திருக்கலாம். அன்னைக்கு ரெக்கார்டிங்கை அடுக்கி வைங்க, மிக்ஸிங் லீவு நாள்ல. வேலையில இயர்பிளக் போடுங்க. மிச்சம் இருக்கிற காதுதான் நம்ம ஸ்டூடியோவுலேயே விலை அதிகமான பொருள்.