கரிசல் வெயிலில் கடல்நீர்த் தொட்டி

கடல்நீர் மீன்தொட்டிக்கு ஏற்ற வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். 30ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. ஆலங்குளம், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் கோடைப் பகல் 38, 40 டிகிரியைத் தொடும். கான்கிரீட் கூரை போட்ட வீடுகளில் இரவிலும் அனல் ஆறுவதில்லை. இங்கே தொட்டி வைப்பவர் வெயிலையும் பம்பையும் தனித்தனிக் கவலைகளாக நினைக்கக் கூடாது. ஒன்று கெட்டால் மற்றதும் கெடும்.

சூடான தொட்டியில் மீன் பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் சாகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீர் 25 டிகிரியில் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 6.2தான். சூடு ஏற ஏற மீனுக்கோ ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். அந்த நேரத்தில் நீரைக் கலக்கிக் காற்றோடு சேர்க்கும் பம்பும் நின்றுவிட்டால் மீன்கள் சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம்.

திறந்த கடலுக்கே இந்தச் சூடு தாங்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 2010லும் 2016லும் கடல் சூடேறியதால் வெளுத்துப்போயின. அந்தப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடலிலிருந்து எடுத்த பவளத்தை வீட்டுத் தொட்டியில் வைப்பது குற்றம். கோமாளி மீன் போன்றவற்றைப் பண்ணையில் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பிறந்த மீன்களே வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவை.

பம்பு நிற்பதற்கு முதல் காரணம் சுண்ணாம்பு. 1970இல் ஆலங்குளத்தில் தொடங்கப்பட்ட அரசு சிமெண்ட் ஆலைக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். அதாவது கால்சியம் கார்பனேட். கடல்நீரில் ஓடும் பம்புக்குள் வெள்ளையாக ஏடு கட்டுவதும் அதே பொருள்தான். பம்பின் உட்பகுதி சூடாக இருப்பதால் படிவு அங்கேதான் முதலில் இறுகும். ஓடிக்கொண்டிருக்கும்வரை, நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லர் எப்படியோ சுற்றும். மின்சாரம் போய்த் திரும்பும்போது சுற்ற முடியாமல் 'உம்' என்று முனகி நிற்கும். முனகும் பம்பு சுருளைச் சூடாக்கிக் கருக்கவும் செய்யும்.

இதற்கு மருந்து சமையலறையிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, பம்பைக் கழற்றி, காந்தத்தோடு இம்பெல்லரை உருவி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். நுரைத்து வருவது கரையும் சுண்ணாம்பு. பழைய பல்துலக்கியால் தேய்த்து நன்றாக அலசலாம். அச்சில் விரிசலோ காந்தத்தின் மேலுறையில் வெடிப்போ துருவோ தெரிந்தால் அந்த இம்பெல்லரைத் திரும்ப மாட்டக் கூடாது.

பம்பே சூட்டுக்கும் ஒரு காரணம். 60 வாட் பம்பு நாளொன்றுக்கு 1.44 யூனிட் மின்சாரம் எடுக்கும். நீருக்குள் மூழ்கி ஓடினால் அதில் பெரும்பகுதி வெப்பமாக நீரிலேயே சேரும். தேவைக்கு மேல் பெரிய பம்பு வைப்பது வெந்நீர் அடுப்பு வைப்பதற்குச் சமம். குறைந்த வாட்டில் ஓடும் டி.சி. பம்பு கோடையில் நல்லது.

பட்டாசுத் தொழில் இந்த வட்டாரத்தில் வேரூன்றக் காரணமான வறண்ட காற்று தொட்டிக்காரருக்கும் துணை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியை வீசவிட்டால் ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துச் செல்லும். வெளியிலிருந்து சூடு சேராவிட்டால், 100 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியாவதே ஏறத்தாழ 6 டிகிரியைக் குறைக்கப் போதும். வீட்டில் சூடு சேர்ந்துகொண்டே இருப்பதால் 2 முதல் 4 டிகிரி வரை எதிர்பார்க்கலாம். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அவ்வளவு கிடைக்காது.

ஆனால் ஆவியாவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. நீரைத்தான் தினமும் ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் மறந்தாலும், பம்பு இருக்கும் அடித்தொட்டியில் நீர்மட்டம் இறங்கி, பம்பு காற்றை உறிஞ்சி, வறண்டு ஓடிக் கெட்டுவிடலாம். அடித்தொட்டியில் குறைந்தபட்ச நீர்மட்டத்தைக் கோடு போட்டுக் குறிப்பது நல்லது.

அவசரத்துக்கு உறைந்த பாட்டில் உதவும். ஒரு லிட்டர் பனிக்கட்டி 100 லிட்டரை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைக்கும். மூடிய பாட்டிலாகவே மிதக்கவிட வேண்டும். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் குறைப்பது மீனை நோகச் செய்யும். நீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்குபவர் அதன் சூடான காற்று அறைக்குள் சுழலாமல் வெளியேற வழி செய்ய வேண்டும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி வெயில் நேரம் முழுக்க நீளும். நாளிதழில் முன்னரே அறிவிப்பு வரும் என்பதால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பைத் தயாராக வைக்கலாம். இன்வெர்ட்டரில் இணைப்பதானால் சைன் வேவ் வகை வேண்டும். ஸ்கொயர் வேவ் வகையில் சாதாரண பம்பு இரைந்து சூடாகும். மூடிய வடிகட்டி பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே கெட்டுப்போன நீரைக் கொட்டிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். பம்பு நின்றதும் குழாய்வழி திரும்பி வரும் நீரைத் தாங்க அடித்தொட்டியில் இடம் வேண்டும். உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும் என்பதால், 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்புக் கருவி இல்லாத இணைப்பில் தொட்டியை ஓட்டவே கூடாது.

பம்பைக் கழற்றிக் கழுவும் வேலையை அக்னி நட்சத்திரம் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். மாற்று இம்பெல்லர் சென்னை கொளத்தூர் சந்தையிலிருந்து வந்து சேர ஓரிரு நாளாவது ஆகும். மீன்கள் அதுவரை காத்திருக்காது. இன்றே ஒன்று வாங்கி வையுங்கள்.