அவசரகால ஊதல்

அவசரகால ஊதல் என்பது ஆபத்தில் சிக்கியவர் தாம் இருக்கும் இடத்தை ஒலியால் பிறருக்கு அறிவிக்க உதவும் சிறு கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது விசில் எனப்படுகிறது. மின்கலமோ அலைபேசிக் கோபுரமோ இன்றி, மூச்சுக்காற்றால் மட்டுமே இது இயங்குகிறது. படகுப் பயணம், முகாமிடுதல், மலையேற்றம் போன்றவற்றில் இது அடிப்படைப் பாதுகாப்புப் பொருளாகக் கருதப்படுகிறது. காவிரிப் படுகையின் கழிமுகங்களிலும் ஆற்று மணல் திட்டுகளிலும் பயணம் செய்வோருக்கும் இது பயன்தரக்கூடியது. நனைந்த பின்னும் ஒலிப்பதும், எப்போதும் உடலோடு இணைந்திருப்பதுமே ஓர் ஊதலின் முதன்மைத் தகுதிகள் ஆகும்.

இயங்கும் முறை

ஊதலின் வாய்ப்பகுதி வழியாகச் செல்லும் காற்று ஒரு கூரிய விளிம்பில் மோதி அதிர்கிறது. உள்ளே இருக்கும் அறை அவ்வதிர்வை வலுப்படுத்துகிறது. ஒரு முனை மூடிய குழாயில் எழும் அடிப்படை ஒலியின் அலைநீளம் குழாயின் நீளத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே 2.5 செ.மீ. நீளமுள்ள குழாய் சுமார் 3,400 எர்ட்சு அதிர்வெண்ணுடைய ஒலியை எழுப்பும். மனிதச் செவி 2,000 முதல் 5,000 எர்ட்சு வரையுள்ள ஒலிகளை மிக நுட்பமாக உணர்கிறது. விரலளவே உள்ள ஊதலின் ஒலி தொலைவில் தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஒலி அளவு 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டர் தொலைவில் 115 டெசிபல் உள்ள ஊதல், 100 மீட்டரில் 75 டெசிபலும், ஒரு கிலோமீட்டரில் 55 டெசிபலும் தரும். காற்று, மரம், செடி ஆகியவை இதனை மேலும் குறைக்கும். கூவி அழைப்பவரின் குரல் இதைவிட விரைவில் தேய்வதோடு, சில நிமிடங்களில் தொண்டையும் கட்டிவிடும். ஊதலை நெடுநேரம் ஊத இயலும்.

வரலாறு

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த யோசப் அட்சன் உருவாக்கிய ஊதலை இலண்டன் மாநகரக் காவல்துறை 1880களில் ஏற்றுக்கொண்டது. உள்ளே சிறு உருண்டை சுழலும் 'அக்மி தண்டரர்' என்ற ஊதலையும் அவர் 1884இல் வெளியிட்டார். கனடாவைச் சேர்ந்த கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்சுகிராஃப்ட், போட்டியொன்றில் உருண்டை சிக்கித் தம் ஊதல் ஒலிக்காமல் போனதைத் தொடர்ந்து உருண்டையில்லா ஊதலை உருவாக்க முனைந்தார். 'ஃபாக்சு 40' எனும் அவ்வூதல் 1987இல் அறிமுகமானது. விளையாட்டுக்கென உருவான இவ்வடிவம் பின்னர் மீட்புப் பணிகளிலும் பரவியது.

வகைகள்

உருண்டையுள்ள ஊதல்: தக்கை அல்லது நெகிழியாலான உருண்டை சுழல்வதால் நடுங்கும் ஒலி எழுகிறது. தக்கை நீரில் ஊறினாலோ மணல் புகுந்தாலோ உருண்டை சிக்கிக்கொள்ளும்.

உருண்டையில்லா ஊதல்: அசையும் உறுப்பு ஏதும் இல்லை. இரண்டு அல்லது மூன்று அறைகளில் சற்றே வேறுபட்ட ஒலிகள் எழுந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. நீர் புகுந்தாலும் உதறிவிட்டு உடனே ஊதலாம். படகுப் பயணத்திற்கு இவ்வகையே ஏற்றது.

உலோக ஊதல்: உறுதியானது. எனினும் உப்பங்கழிக் காற்றில் பித்தளை களிம்பேறும்; அதன் இரும்பு வளையம் துருப்பிடிக்கும்.

தேர்ந்தெடுத்தல்

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

* ஒரு வாளி நீரில் ஊதலை அமிழ்த்தி எடுத்து உடனே ஊதிப் பார்க்க வேண்டும். முதல் அல்லது இரண்டாம் ஊதலிலேயே முழு ஒலி எழ வேண்டும்.
* களைத்திருப்பவர் மெதுவாக ஊதினாலும் ஒலிக்க வேண்டும். குழந்தைகளையும் முதியோரையும் ஊதச்செய்து பார்ப்பது நன்று.
* செம்மஞ்சள் போன்ற எளிதில் புலப்படும் நிறமும், நீரில் மிதக்கும் தன்மையும் விரும்பத்தக்கவை.
* உறையில் அச்சிட்டுள்ள டெசிபல் அளவை மட்டும் நம்பலாகாது. எத்தொலைவில் அளந்தது என்பது தெரியாவிடில் இரு ஊதல்களை ஒப்பிட இயலாது.
* கழுத்தில் கட்டும் கயிறு வேர்களில் மாட்டி இறுக்கக்கூடும். உயிர்காப்பு உடையின் தோள்பகுதியில், வாய்க்கு எட்டும் குறுங்கயிற்றால் கட்டுவதே பாதுகாப்பானது. பையினுள் வைத்த ஊதல் படகு கவிழ்ந்தால் கைக்கு எட்டாது.

கப்பல்களின் உயிர்காப்பு உடை ஒவ்வொன்றிலும் ஊதல் கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு விதியாகும். சிறு படகில் செல்வோரும் இதனைப் பின்பற்றலாம்.

சைகை முறை

ஆல்ப்சு மலைப் பகுதியில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது ஆபத்துக் குறி; மறுமொழி நிமிடத்திற்கு மூன்று ஊதல்கள். வட அமெரிக்காவிலோ மூன்று ஊதல்களே ஆபத்துக் குறியாகும். ஓரிடத்தின் அழைப்பு மற்றோரிடத்தில் மறுமொழியாகப் பொருள்படுவதால், புறப்படும் முன்னரே குழுவினரும் படகோட்டியும் ஒரே குறியை முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுப் பேருந்துகளில் நடத்துனரின் ஓர் ஊதல் நிறுத்தவும், இரண்டு ஊதல்கள் புறப்படவும் குறியாகும். ஆதலால் சாலைக்கு அருகில் ஒன்றிரண்டு குறுகிய ஊதல்கள் எவர் கவனத்தையும் ஈர்க்கமாட்டா. நீண்ட ஊதல்களை ஒரே சீராக, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப ஊதுவதே வேறுபட்டு ஒலிக்கும். இடைவெளியில் மறுமொழி வருகிறதா எனச் செவிமடுத்தல் வேண்டும். விளையாட்டாக ஊதுதல் உண்மையான அழைப்பின் மதிப்பைக் குறைக்கும்.

காவிரிப் படுகையில் பயன்பாடு

படுகையின் தென்கோடியில் திருவாரூர் மாவட்டத்தின் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும், கொள்ளிடக் கழிமுகத்திற்கு வடக்கே கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரம் சதுப்புநிலக் காடும் உள்ளன. இவ்விடங்களின் குறுகிய கால்வாய்களில் ஒரு வளைவைக் கடந்ததும் முன்சென்ற படகு கண்ணுக்கு மறைந்துவிடும். அடர்ந்த இலைகள் உயர் அதிர்வெண் ஒலியைச் சிதறடிப்பதால், படகை நகர்த்த முடிந்தால் கால்வாய் முகப்பிற்கு வந்து ஊதுவது பயன்தரும்.

தஞ்சாவூர்ப் பகுதியின் நெல்வயல்கள் சமதளமானவை. காற்றில்லா இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு செல்லும். எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து விரைவில் மறையும்.

முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகாலாகும். மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது, உள்ளூரில் மழை இல்லாவிடினும் இவ்வாற்றில் நீர் உயரும். நீர் திறப்பு அறிவிக்கப்பட்ட நாட்களில் மணல் திட்டுகளில் முகாமிடலாகாது. திட்டில் சிக்கியவர் நீரில் இறங்காமல், உயரமான இடத்தில் நின்று கரையை நோக்கி ஊதுவதே தக்கது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், படுகையின் பல ஊர்களில் மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் நாட்கணக்கில் தடைப்பட்டன. இத்தகைய வேளைகளில், விழுந்த மரத்திற்கோ கூரைக்கோ அடியில் சிக்கியவர் தம் இருப்பை உணர்த்த ஊதல் உதவும். எனவே இதனை வீட்டில் வைக்கும் பேரிடர்ப் பையிலும் சேர்க்கலாம்.

வரம்புகள்

ஊதல் ஒருவரை மிதக்க வைக்காது. கேட்கும் தொலைவில் ஆள் இல்லாவிடில் உதவியும் வாராது. ஆதலால் இது உயிர்காப்பு உடைக்கு மாற்று அன்று. செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையில் உள்ள ஒருவரிடம் தெரிவித்துச் செல்வதும் இன்றியமையாதது. பிறர் செவியருகே ஊதினால் கேட்கும் திறன் பாதிக்கப்படலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* உயிர்காப்பு உடை
* கொள்ளிடம்
* பிச்சாவரம்
* முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள்