கடலோரச் சரக்குப் போக்குவரத்தில் தன்னியக்கக் கப்பல்களின் பொருளாதாரம்: நார்வே அனுபவத்தை முன்வைத்து

முன்னுரை

மாலுமிகளின்றி இயங்கவல்ல கப்பல்கள் ஊதியச் செலவைக் குறைக்கும் என்பது அவற்றுக்கு ஆதரவாகப் பொதுவாக எடுத்துரைக்கப்படும் காரணமாகும். அச்சேமிப்பு எந்நிலையில் இலாபமாகிறது என்பதை நார்வேயின் கடலோரக் கப்பல்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கப்பலின் அளவும் ஊதியச் செலவும்

கப்பலின் கொள்ளளவு பத்து மடங்கு கூடினும் மாலுமிகளின் எண்ணிக்கை அவ்விகிதத்தில் கூடுவதில்லை. எனவே, பெரிய கப்பலில் ஒரு கொள்கலனுக்குரிய ஊதியச் செலவு மிகச் சிறிதாகவும், சிறிய கப்பலில் பெருஞ்சுமையாகவும் அமைகிறது. குறுந்தொலைவுச் சரக்குகள் கடல்வழியைத் தவிர்த்துச் சாலைவழியை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆகவே, ஊதியச் சேமிப்பின் பயன் விகித அளவில் கடலோரச் சிறு கப்பல்களுக்கே மிகுதி.

தொடக்க முதலீடு

யாரா உர நிறுவனம் 2017இல் அறிவித்து, 2022இல் வணிகச் சேவையில் ஈடுபடுத்திய ‘யாரா பிர்க்லாந்து’ இருபதடிக் கொள்கலன்கள் 120ஐ ஏற்றவல்லது. ஏறத்தாழ 7 மெகாவாட் மணி கொள்திறனுடைய மின்கலத்தால் இயங்குவது. போர்ஸ்குருன் ஆலையிலிருந்து ஆண்டுக்கு 40,000 வரையிலான சரக்குந்துப் பயணங்களுக்கு மாற்றாக அது திட்டமிடப்பட்டது. நார்வே அரசின் எனோவா நிறுவனம் இதற்கு 13 கோடியே 36 இலட்சம் குரோனர் மானியம் வழங்கியது. எனினும், தொடக்கத்தில் அக்கப்பல் மாலுமிகளுடனேயே இயங்கியது. தன்னியக்கக் கருவிகளுக்கான முதலீடு முன்னரே செலவாக, ஊதியச் சேமிப்போ காலந்தாழ்ந்தே கிட்டும் என்பதை இது உணர்த்துகிறது.

கரைக்கு இடம்பெயரும் பணி

மாலுமிகளின் பணி முற்றிலும் மறைவதில்லை. அதன் ஒரு பகுதி கரைக் கட்டுப்பாட்டு மையத்திற்கு மாறுகிறது. ஒரு மையம் ஒரே கப்பலைக் கண்காணிக்குமாயின் ஊதியம் இடம் மாறுமேயன்றிப் பெரிதும் குறையாது. காங்ஸ்பெர்க், வில்ஹெல்ம்சன் ஆகிய நிறுவனங்கள் 2018இல் தோற்றுவித்த மாஸ்டர்லி, பல கப்பல்களுக்கும் பொதுவான கரைக் கண்காணிப்பை முன்னெடுத்தது. ‘அஸ்கோ’ வணிக நிறுவனத்திற்காகக் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான இரு மின்கலக் கப்பல்களும் அதன் மேலாண்மைக்குரியவை. மோஸ், ஹார்டன் நகரங்களுக்கிடையே இயங்கும் இவற்றில் சரக்குப் பெட்டிகள் சக்கரங்களுடனேயே ஏற்றப்படுவதால் பாரந்தூக்கிச் செலவும் தவிர்க்கப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட இரு முயற்சிகளிலும் கப்பலுக்கு வித்திட்டவர்கள் சரக்கின் உரிமையாளர்களே. ஆகவே, ஏற்றுதற்குரிய சரக்கு முன்னரே உறுதியாயிருந்தது. நிலையான சரக்கு, குறைந்த கையாளுகைச் செலவு, ஒரே மையத்தின்கீழ்ப் பல கப்பல்கள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும் வழித்தடத்திலேயே தன்னியக்கம் இலாபந்தர வாய்ப்புண்டு. சிக்கனத்தின் அடிப்படை ஒரு கப்பலின் பருமனிலிருந்து கப்பல்களின் எண்ணிக்கைக்கு மாறுவதே இதன் பொருளியல் சாரமாகும்.