மோட்டார் வாகன மின்னேற்றப் பழுதுகள்: நோயறியும் முறை பற்றிய சில குறிப்புகள்

காலையில் திறப்பைத் திருப்பியதும் 'கிளிக்' என்றொரு ஒலி மட்டும் எழ, எஞ்சின் அசையாது நிற்பது வாகனம் வைத்திருப்போர் பலரும் அறிந்த அனுபவமாகும். "பற்றரி போய்விட்டது" என்பதே அவ்வேளையில் வழக்கமாகக் கூறப்படும் முடிபு. ஆயின் இம்முடிபு பல சந்தர்ப்பங்களில் ஆய்வின்றி எய்தப்படுவது. இலங்கையில் 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025இன் தொடக்கத்திலேயே மீள அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டு ஓடின. வாடகைக்கு வாகனம் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்குத் தேவையின்றி வாங்கிய பற்றரி பல நாள் உழைப்பின் இழப்பாகும். எனவே, இப்பழுதினை அறியும் முறையினை ஒழுங்குபடுத்தி நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

முதலில் உறுப்புகளின் தொழிலைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். பற்றரி ஒரு சேமிப்புக் கலமேயாகும். 1859இல் பிரான்சியரான காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய அமிலக் கலமே இன்றைய கார்ப் பற்றரியின் மூலம். ஏறத்தாழ 2.1 உவோல்ற்று தரும் ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்படுவதால், முழுதாக மின்னேற்றிய பற்றரி 12.6 உவோல்ற்று அளவினைக் காட்டும். எஞ்சினைத் தொடக்கிவைப்பதே அதன் தலையாய பணி. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் விளக்கு, விசிறி முதலியவற்றின் சுமையைத் தாங்குவதும், பற்றரி இழந்ததை மீளக் கொடுப்பதும் ஓல்ரநேற்றரின் பணிகளாம்.

ஓல்ரநேற்றருக்கு முன்னர் அவ்விடத்தில் இருந்தது டைனமோ. எம்மவர் நன்கறிந்த மொறிஸ் மைனர் காரிலும் அதுவே இருந்தது. டைனமோவிற் சுழலும் சுருளே மின்னோட்டத்தை உண்டாக்கிற்று. அம்மின்னோட்டம் முழுவதும் தூரிகைகளினூடாகவே வெளிவரவேண்டியிருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் பயன் மிகக் குறைவு. ஓல்ரநேற்றரிலோ காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருள் சுழல, மின்னோட்டம் அசையாத வெளிச்சுருளிற் பிறக்கின்றது. அது ஆடலோட்டமாதலின், சிலிக்கன் இருவாயிகள் அதனை நேரோட்டமாகச் சீராக்குகின்றன. மலிவான சிலிக்கன் இருவாயி கிடைத்தபின்னரே இம்மாற்றம் சாத்தியமாயிற்று. 1960ஆம் ஆண்டு வலியன்ற் காரில் கிறைஸ்லர் நிறுவனம் இதனைப் பேரளவிற் புகுத்தியது.

இவ்வரலாற்றை நாம் ஈண்டு எடுத்துக்கூறுவதற்குக் காரணமுண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிற் பற்றரியின் முனையைக் கழற்றி, எஞ்சின் நின்றுவிடுகின்றதா எனப் பார்ப்பது டைனமோக் காலத்துச் சோதனை. அக்கருவிக்கு அது அனுபவ அறிவு. கருவி மாறியபின் அதே செயல் கேடாக முடிகின்றது. பற்றரி திடீரென விலகும்போது ஓல்ரநேற்றரின் அழுத்தம் பன்மடங்கு எகிறி, இருவாயிகளையும் சீர்ப்படுத்தியையும் வாகனத்தின் கணினிகளையும் எரித்துவிடக்கூடும். அறிவு நடைமுறையிலிருந்தே பிறக்கின்றது. ஆயின் உற்பத்திக் கருவி மாறும்போது தன்னை மாற்றிக்கொள்ளாத நடைமுறை மூடநம்பிக்கையாகிவிடுகின்றது.

இனி, ஆய்வின் படிமுறைகளை நோக்குவாம். இதற்கு வேண்டியது மலிவானதொரு பன்மானி மட்டுமே.

முதலாவது, கண்ணால் ஆராய்தல். பற்றரி முனைகளில் வெண்மையான அல்லது பச்சையான படிவு உண்டா, ஓல்ரநேற்றரைச் சுழற்றும் பெல்ற் தளர்ந்துள்ளதா, எஞ்சினையும் உடற்சட்டத்தையும் இணைக்கும் நிலத்தொடுப்புக் கம்பி உறுதியாக உள்ளதா என்பவற்றைக் காணல் வேண்டும்.

இரண்டாவது, பல மணி நேரம் ஓய்ந்திருந்த பற்றரியின் அழுத்தத்தை அளத்தல். 12.6 உவோல்ற்று முழு ஏற்றத்தையும், 12.2 ஏறத்தாழ அரை ஏற்றத்தையும் குறிக்கும். 12க்குக் கீழ் இறங்கியிருப்பின் முதலில் வெளி மின்னேற்றியால் அதனை நிரப்பவேண்டும். வெறுமையான பற்றரியைப் பழுதான பற்றரியெனக் கொள்வதே பெரும்பாலான தவறுகளின் ஊற்று.

மூன்றாவது, நிரப்பிய பற்றரியால் எஞ்சினைத் தொடக்கும்போது அழுத்தம் ஏறத்தாழ 9.6 உவோல்ற்றுக்குக் கீழ் வீழ்கின்றதா எனப் பார்த்தல். வீழின் பற்றரி மீது ஐயம் கொள்ளல் தகும்.

நான்காவது, எஞ்சின் ஓடுகையிற் பற்றரி முனைகளில் அளத்தல். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருத்தல் வேண்டும். 12.6க்கு மேல் ஏறாவிடின் மின்னேற்றம் நிகழவில்லை. 15ஐத் தாண்டின் சீர்ப்படுத்தி பழுது. பற்றரி நீர் கொதித்து, அழுகிய முட்டை நாற்றம் எழக்கூடும். அவ்வேளை வெளிவரும் ஐதரசன் வெடிக்கவல்லதாதலின் நெருப்பை அணுகவிடலாகாது.

ஐந்தாவது, விளக்குகளை ஏற்றிவைத்து, ஓல்ரநேற்றரின் வெளியீட்டு முனைக்கும் பற்றரியின் நேர்முனைக்குமிடையே அழுத்த வேறுபாட்டை அளத்தல். அது 0.3 உவோல்ற்றை விஞ்சின் குறை கம்பியிலேயே உள்ளது. எதிர்ப்பக்கத்தையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும்.

ஆறாவது, எஞ்சின் ஓடுகையில் ஆடலோட்ட அளவீட்டில் 0.5 உவோல்ற்றுக்கு மேற் காணின் இருவாயியொன்று கெட்டிருக்கலாம். வாகனம் நிற்கையில் 50 மில்லியம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் தொடர்ந்து கசியின், இரவோடிரவாகப் பற்றரியை உண்ணும் கள்ளன் வேறிடத்தில் உள்ளான். உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவனைக் கண்டுபிடிக்கலாம்.

எமது அனுபவமொன்றை இங்குக் குறிப்பிடல் பொருந்தும். எமது பழைய காருக்கு ஒரு கராஜில் முதலிற் பற்றரி மாற்றப்பட்டது. மூன்று வாரங்களின் பின் ஓல்ரநேற்றரும் மாற்றப்பட்டது. பழுது தீரவில்லை. இறுதியில் வயது முதிர்ந்த மின்வேலைக்காரர் ஒருவர், திறப்பைத் திருப்பும்போது முகப்பிலுள்ள பற்றரி விளக்கு எரியாமையைக் கவனித்தார். பழைய வகை ஓல்ரநேற்றர்களிற் காந்தப்புலத்தைத் தொடக்கிவைக்கும் சிறு மின்னோட்டம் அவ்விளக்கினூடாகவே செல்கின்றது. எரிந்துபோன அச்சிறு குமிழை மாற்றியதும் மின்னேற்றம் மீண்டது. பொருள்களை மாற்றியோர் விற்றனர். அவரோ தொடர்புகளை நோக்கினார். உறுப்புகளைத் தனித்தனியே காண்பதற்கும் அவற்றின் உறவை முழுமையாகக் காண்பதற்குமுள்ள வேறுபாடு இதுவே.

மேற்கூறிய எண்களையும் மாறா விதிகளாகக் கொள்ளலாகாது. புதிய கார்கள் பலவற்றிற் கணினியே மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்துவதால், ஓல்ரநேற்றர் நலமாயிருந்தும் அழுத்தம் 13க்குக் கீழ் இறங்குவதுண்டு. எம் வீதிகளில் மலிந்துள்ள பிரியஸ், அக்குவா போன்ற கலப்புக் கார்களில் ஓல்ரநேற்றரே இல்லை. உயரழுத்தப் பற்றரியிலிருந்து மாற்றியொன்றின் வழியாகவே 12 உவோல்ற்றுப் பற்றரி நிரம்புகின்றது. அவற்றின் உயரழுத்தப் பகுதி உயிராபத்து விளைவிப்பதாதலின் பயிற்சி பெற்றோரே அதனைத் தொடல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் அற்றிருந்த 1990களில், மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் எம்மிடையே உள்ளனர். மின் எங்கிருந்து பிறந்து எதனூடாக எங்கே செல்கின்றது என்பதைத் தேவையே அவர்களுக்குக் கற்பித்தது. அவ்வினாவை எழுப்பாமற் பணப்பையைத் திறத்தல் ஆகாது. முதலில் அளத்தல், பின்னர் மாற்றுதல் என்பதே எமது முடிபு.